பக்கம் என்று ஒரு நாடு கிடையாது

என் பக்கத்துக் கடையில் இருந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று யாராவது கேட்டால் "சித்தூர் பக்கம்" என்றுதான் சொல்கிறேன். சொன்ன உடனே எனக்கே நாக்கு கூசுகிறது. இது அவர் காதில் விழுந்திருந்தால் என்னை உட்கார வைத்து, சித்தூருக்குக் கிழக்கா மேற்கா, நடுவில் எந்த ஆறு, எந்த ரோடு என்று கேட்டுப் பதில் வரும்வரை விட்டிருக்க மாட்டார். "பக்கம்னு ஒரு நாடு கிடையாது நைனா" என்பது அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லும் பேச்சு.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் என் ஜெராக்ஸ் கடையும் அவருடைய பிரவுசிங் சென்டரும் ஒட்டிக்கொண்டு இருந்தன. நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு பிளைவுட் தடுப்பு. ஒன்பது வருடம் அப்படி இருந்தோம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். குள்ளம். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அதைப் போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. குரல் மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாமல் பெரியது. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார், ஆந்திரா எல்லைக்குள் இருக்கும் நகரியிலிருந்து ஆள் வந்தால் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

ஜாதிச் சான்றிதழ், பட்டா, கரண்ட் பில், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று எல்லாம் அங்கே நடக்கும். அதற்கெல்லாம் வாயே திறக்க மாட்டார். பாஸ்போர்ட் என்று ஒருவர் வந்து நின்றால் போதும், கண்ணாடி மூக்குக்கு ஏறிவிடும்.

"எங்க போற நைனா?"

"ஃபாரினுக்குங்க."

"அது எங்க கீது?"

"துபாய் பக்கம்கா. ஏஜென்ட் சொன்னாரு."

விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். "நீ நாட்டுக்குப் போறியா, பக்கத்துக்குப் போறியா? நாடுன்னா சொல்லு, டைப் பண்றன்."

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஓர் உலகப் படம் ஒட்டியிருந்தது. வந்தவரை எழுப்பிப் படத்துக்கு முன்னால் நிறுத்துவார். தலைநகரம் எது, பணத்துக்கு என்ன பேர், எந்தக் கடல், எல்லையில் யார் யார், அங்கே இப்போது மணி என்ன. இந்த ஐந்தும் வந்தால்தான் அடுத்த வரி. தெரியாதவருக்கு அவரே சொல்லித் தருவார். அவருடைய விளக்கமெல்லாம் நம்ம ஊர்க் கணக்கில் இருக்கும். பஹ்ரைன் என்றால், "நம்ம மாவட்டத்தைவிடச் சின்னது, சுத்தி தண்ணி." கத்தார் என்றால் கட்டைவிரலை நீட்டிக் காட்டி, "உள்ளங்கை சவூதி, இது கத்தார், தரை வழியா போவணும்னா உள்ளங்கை வழியாதான் போவணும்." குவைத் ஆளிடம், "பொன்பாடி செக்போஸ்ட் தாண்டினா நமக்கு நகரி எப்படியோ, வடக்கால தாண்டினா அவங்களுக்கு ஈராக் அப்படி. ஆனா நாம மாதிரி பஸ் ஏறிப் போயி பொண்ணு பாத்துட்டு வர முடியாது." வருடக்கணக்காக இப்படி விரல் வைத்து வைத்து, படத்தில் வளைகுடா இருக்கும் இடம் வெள்ளையாகத் தேய்ந்துபோய்க் குவைத்தே காணாமல் போயிருந்தது. ரஷ்யா மட்டும் கடையில் வாங்கினபடி புதுசாக இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்ற கேள்வியே கிடையாது. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. டைப் செய்துகொண்டே கேட்டதால், அதுவும் கவர்ன்மென்ட் கேள்விதான் என்று ஜனம் நினைத்துக்கொண்டது. தலைநகரம் தப்பாகச் சொன்னால் பாஸ்போர்ட் வராது என்ற பேச்சு மணவூர் ஸ்டேஷன்வரை போய்விட்டது. அவர் அப்படிச் சொல்லவும் இல்லை, இல்லை என்று மறுக்கவும் இல்லை. அந்தக் கள்ளத்தனம் அவரிடம் இருந்தது.

எதிர்ச் சந்தில் இன்னொரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே ஒரு கேள்வியும் கேட்காமல் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்கள். கூட்டம் அங்கேதானே போக வேண்டும்? போகவில்லை. கேள்வியே கேட்காமல் போடும் பாஸ்போர்ட் ஏர்போர்ட்டில் செல்லாது என்று பயந்தார்கள். கடைசியில் அந்தக் கடைக்காரரும் வேறு வழியில்லாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அவருக்கு என்ன தெரியும் பாவம், இந்தியாவின் தேசியப் பறவை எது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் யோக்கியனா? நாலு காசு பார்க்கலாம் என்று "நாடுகள் பற்றிய விவரம்" என்று ஒரு தாள் தயாரித்து, முன்னும் பின்னும் ஜெராக்ஸ் போட்டு விற்றேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்து தாளை வாங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டு அக்காவிடம் போவார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு நாள் தடுப்புக்கு மேலே அவருடைய தலை வந்தது.

"துருக்கிக்கு தலைநகரம் இன்னா போட்டிருக்க?"

"இஸ்தான்புல்."

"அங்காரா. ஆஸ்திரேலியாவுக்கு?"

"சிட்னி."

"கான்பெரா. பெரிய ஊரெல்லாம் தலைநகரம் ஆயிடுமா? அப்படின்னா திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஆவடிதான் தலைநகரம். எடுத்துக் கிழி."

இருந்த கட்டு முழுவதையும் தூக்கிப்போடச் சொன்னார். கிழிக்க மனசு வரவில்லை. மலையடிவாரத்தில் வேர்க்கடலை விற்பவரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அடுத்த கிருத்திகைக்கு மலைக்குப் போய்வந்த அக்கா, கையில் கடலைப் பொட்டலத்தோடு என் கடைக்கு நேராக வந்து நின்றார். கடலையைத் தின்று முடித்திருந்தார். பிரித்த தாளை மேஜையில் வைத்து நீவினார். "ஊரு பூரா தப்பான தலைநகரத்துல கடலை தின்னுகினு இருக்குது" என்றார். கோபம் நிஜக் கோபம். நான் சிரித்ததில் இரண்டு நாள் பேசவில்லை.

அதே பிடிவாதத்தால் ஊருக்கு நல்லதும் நடந்தது. எங்கள் பக்கத்தில் வெளிநாடு கிளம்புகிறவர்கள் முதலில் மலையேறி மொட்டை போட்டுவிடுவார்கள். அப்படியே சந்தனத் தலையோடு இறங்கி வந்து பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவார்கள். பத்து வருடத்துக்கு அந்த மொட்டைதான். முடி வளர்ந்து, மீசை வைத்து, ஆள் தடித்த பிறகு ஏதோ ஒரு ஊர் ஏர்போர்ட்டில் அதிகாரி படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா ஒரு அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டார்: "முதலில் போட்டோ. பிறகு மொட்டை." முருகன் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "அவரு உலகத்தையே சுத்தினவரு, அவருக்குத் தெரியும்" என்றார்.

எல்லோரும் அவரைச் சகித்துக்கொள்ளவில்லை. மணவூரிலிருந்து வந்த ஒருவர் ஐரோப்பாவுக்குப் போகிறேன் என்றார். எந்த நாடு என்றதற்கு ஐரோப்பாதான் நாடு என்று சாதித்தார். அக்கா அவரைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, அங்கே இருக்கும் நாடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணச் சொன்னார். அந்த ஆளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நீ இன்னா கலெக்டரா? காசு குடுக்கறன், டைப் அடிம்மா" என்று மேஜையைத் தட்டினார். அக்கா அசையவில்லை. நான்தான் போய் அவரைத் தோளில் கைபோட்டு அழைத்துவந்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். "எதுக்குக்கா வர்ற ஆளைத் துரத்துறீங்க?" என்றேன். "போவற எடம் தெரியாம போறவன் காணாம போனா, எங்க போயி தேடுவாங்க?" என்று திருப்பிக் கேட்டார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் முகம் மலர்ந்து நான் பார்த்த நாளும் உண்டு. திருவாலங்காட்டில் கரும்பு வெட்டப் போகும் ஒரு பெண், ஓமானில் வீட்டு வேலைக்கு என்று வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ சொல்லிக் கொடுத்ததை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தார். தலைநகரம் மஸ்கட், பணம் ரியால் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். அக்கா கடைசிக் கேள்வியைக் கேட்டார். "அங்க இப்ப மணி இன்னா?"

அந்தப் பெண் மனப்பாடத்தில் அது இல்லை. "மணி தெரியாதுங்க. நான் இங்க எழுந்து வாசல் தெளிக்கிற நேரத்துக்கு அவங்க தூங்கிகினு இருப்பாங்க. நான் சோறு வடிக்கிறப்போ எழுந்திருப்பாங்க."

"எவ்வளவு நேரம் கழிச்சி வடிப்ப?"

"ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் ஆவும்."

அக்கா என்டர் பட்டனை ஓங்கித் தட்டினார். அவர் ஒருவரைப் பாஸ் போடுவது அப்படித்தான். அன்றைக்குச் சாயங்காலம்வரை அந்தப் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இத்தனை பேருக்குப் பாஸ்போர்ட் போட்டவரிடம் பாஸ்போர்ட் இல்லை. ஒருபுறம் திருப்பதி, மறுபுறம் சென்னை, அதைத் தாண்டி அவர் போனதில்லை. ஒன்று எடுத்து வைக்கலாமே என்றேன். "எந்த நாடுன்னு முடிவாகல" என்றார், கல்யாணப் புடவை எடுக்கிறவர் மாதிரி.

அவருடைய அப்பா விஷயம் ஒரே ஒரு தடவைதான் அவர் வாயிலிருந்து வந்தது. மழை நாள். கரண்ட் இல்லை, இரண்டு கடையிலும் வேலை இல்லை. அம்மையார்குப்பத்தில் தறி நெய்துகொண்டிருந்தவராம் அவர் அப்பா. துபாய் பக்கம் வேலை என்று கிளம்பினார். வீட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். சில வருடம் பணமும் கடிதமும் வந்தன, பிறகு நின்றுவிட்டன. யார் யாரையோ பிடித்து மனுப் போட்டார்கள். துபாயில் அப்படி ஒரு ஆளே இல்லை என்று பதில் வந்தது. மறுபடி மனு, மறுபடி அதே பதில். அவர் இருந்தது ஓமானில், எல்லைக்கு இந்தப்புறம் ஒரு சின்ன ஊர். அது தெரியவந்தபோது அவரை அங்கேயே புதைத்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"ஆஸ்பத்திரில ரெண்டு மாசம் கிடந்தாராம். நாங்க துபாய்ல தேடிகினு இருந்தோம்" என்றார். கரண்ட் வந்தது. எழுந்து போய் கம்ப்யூட்டரைப் போட்டார். அதற்குப் பிறகு அவரை நான் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.

இனி என் தம்பி. டிப்ளமோ முடித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். கான்ட்ராக்ட் முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்துவிட்டான். இருபத்தாறு வயது. அப்போதுதான் ஒரு ஏஜென்ட், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, பாங்காக்கில் ஆபீஸ், சாப்பாடு தங்குமிடம் இலவசம் என்று ஆசை காட்டினான். அம்மாவுக்கு இஷ்டமில்லை. நான்தான், போய்ப் பார்க்கட்டுமே என்றேன். அதை இன்றைக்கும் நினைத்து நொந்துகொள்கிறேன்.

பாஸ்போர்ட் அக்காதான் போட்டார். தம்பி கெட்டிக்காரன். யாரும் சொல்லித் தராமல் அவனே படித்துக்கொண்டு வந்திருந்தான். தலைநகரம் பாங்காக், ஆறு சாவோ பிராயா, பணம் பாட், எல்லையில் பர்மா, லாவோஸ், கம்போடியா, மலேசியா. இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். கேட்காததையும் சேர்த்துச் சொன்னான், அந்த நாட்டை வெள்ளைக்காரன் பிடித்ததே இல்லை என்று. அக்கா வேலை உத்தரவை வாங்கி ஊர்ப் பெயரைப் படித்தார். பாங்காக் என்றுதான் இருந்தது. என்டரை ஓங்கித் தட்டினார். "உன் தம்பி மாதிரி ஒருத்தன் இதுவரைக்கும் வரல" என்று தடுப்புக்கு மேலே எட்டி என்னிடம் சொன்னார்.

பாங்காக் ஏர்போர்ட்டில் நின்று எடுத்த போட்டோ ஒன்று வந்தது. அதோடு சரி. ஒன்பது நாள் போன் இல்லை, மெசேஜ் இல்லை. ஏஜென்ட் நம்பர் அணைந்துகிடந்தது. பாங்காக்கில் இருக்கும் நம் தூதரகத்துக்கு மெயில் போட்டோம். கம்பெனி முகவரி, தங்குமிடம் என்று விவரம் கேட்டுப் பதில் வந்தது. எங்களிடம் என்ன விவரம் இருந்தது? அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

பத்தாம் நாள் மத்தியானம் கடையில் இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"அண்ணா, நான் நல்லா கீறன். வேல நல்லா கீது." எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி இருந்தது குரல்.

"எங்கடா இருக்க? சாப்டியா?"

"சாப்ட்டன். இங்க மணி மூணு. கரெக்டா மூணு ஆவுது. பக்கத்துக் கடை அக்காவ கேட்டன்னு சொல்லு."

யாரோ பக்கத்தில் அதட்டுவது கேட்டது. இணைப்பு அறுந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. நன்றாக இருக்கிறானாம் என்று அம்மாவுக்குப் போன் செய்யப் போனேன். தடுப்புக்கு அந்தப் புறத்திலிருந்து அக்கா என் கடைக்குள் வந்தார்.

"இன்னா மணி சொன்னான்?"

"மூணு."

அவர் என் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். சரியாக இரண்டு. "தாய்லாந்துல இருந்தா மூணரை சொல்லணும்."

"சும்மா ரவுண்டா சொல்லியிருப்பான்கா."

"சும்மா சொல்றவன் கரெக்டான்னு எதுக்கு சொல்றான்? என்னைய எதுக்கு கேக்கறான்? ஒண்ணரை மணி நேரம்னு என்கிட்ட ஒப்பிச்சவன் அவன்." என் கையைப் பிடித்து அவர் கடைக்கு இழுத்துப் போனார். படத்தில் பாங்காக்கில் விரலை வைத்து மேற்கே நகர்த்தினார். "அந்த வரிசையில நமக்குச் சரியா ஒரு மணி நேரம் முன்னால போற நாடு ஒண்ணுதான். பர்மா. எல்லையைத் தாண்டி இஸ்துகினு போயிட்டானுங்க."

அந்த மாதிரி கும்பல்களைப் பற்றி டிவியில் வந்துகொண்டிருந்த நேரம் அது. பிள்ளைகளை அடைத்து வைத்து, போனில் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்க வைக்கிறார்கள் என்று நாங்களும் பார்த்திருந்தோம். நம் வீட்டுப் பையனுக்கு நடக்கும் என்று யார் நினைக்கிறார்கள்? நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்காவும் உட்கார்ந்தார். "நான் பாஸ் போட்டு அனுப்பிச்சனே" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பர்மாவுக்குத் தலைநகரம் ரங்கூன் இல்ல, மாத்திட்டாங்க. நேப்பிடா. ஆனா நம்ம தூதரகம் இன்னும் யாங்கூன்லதான் கீது. அங்க எழுதணும்."

எழுதினார். அன்றைக்கே அனுப்பினார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு என்னோடு அவரும் வந்தார். படத்தை ஜெராக்ஸ் போட்டு, எல்லை ஓடும் இடத்தில் சிவப்புக் கோடு போட்டு மனுவோடு சேர்த்திருந்தார். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் படித்தார். "பையன் தாய்லாந்துக்குத்தானேம்மா போயிருக்கான். பர்மான்னு எப்படிச் சொல்றீங்க? மணியை வெச்சா?" என்றார்.

"ஆங், மணியை வெச்சுதான் சார். பிளைட்ல இறங்கினதும் செல்போன்ல மணி மாறுது இல்லீங்களா, அந்த மாறின மணியைத்தான் இந்தப் பையன் சொல்லியிருக்கான்."

அவர் சிரிக்கவில்லை. மனுவை மேலே அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவும் செய்தார். அடுத்த அழைப்பு பதினொரு நாள் கழித்து வந்தது. இந்தத் தடவை நானே கேட்டேன், மணி என்னடா என்று. நாலு பத்து என்றான். இங்கே மூன்று பத்து. குரல் உடைந்தது. எங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஐந்து மாதம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடையைத் திறந்ததும் அக்கா யாங்கூனுக்கு ஒரு மெயில் அனுப்புவார், அதன் பிறகுதான் மற்ற வேலை. பாஸ்போர்ட்டுக்கு வருகிறவர்களிடம் கேள்வி கேட்டார், ஆனால் என்டரை ஓங்கித் தட்டுவது நின்றுபோயிற்று. அம்மா அவரைத் திட்டுவார் என்று நான் பயந்தேன். அம்மாவோ தினமும் மலையிலிருந்து விபூதி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, "எந்த நாட்டுல கீறான்னாவது தெரியுது, அதுக்கு நீதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு கூட்டமாக மீட்டுக்கொண்டு வந்தவர்களில் அவனும் இருந்தான். பாதி உடம்பாக வந்தான். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டான். என்ன நடந்தது என்பதை என்னிடம் ஒரே ஒரு தடவை, ஒரே மூச்சில் சொன்னான். அடித்ததைவிட, அடிக்குப் பயந்து அவன் செய்த வேலைதான் அவனைத் தின்றது. பெண் பெயரில் பேசி, யாரோ ஒரு வயசானவருடைய சேமிப்பு முழுவதையும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். "பர்மான்னு யாருகிட்டயும் சொல்லாதண்ணா. டிவில எல்லாரும் பாத்துட்டாங்க. அங்க நீ இன்னா பண்ணினன்னு கேப்பாங்க. நான் தாய்லாந்துலயே இருந்துட்டு வந்தன்" என்றான். ஊரில் விஷயம் அரசல் புரசலாகத்தான் தெரியும். கேட்டவர்களிடம் நாங்களும் தாய்லாந்து என்றே சொன்னோம். அக்காவிடம் மட்டும் நான் இதைப் பேசவில்லை. அவரிடம் போய் ஒரு நாட்டை மாற்றிச் சொல்லுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

வீட்டில் அடைந்து கிடக்க வேண்டாமென்று அவனை என் கடைக்கு அழைத்துவர ஆரம்பித்தேன். மெஷினில் தாள் வைப்பான், எடுப்பான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஆர்.கே. பேட்டையிலிருந்து ஒருவர் மகனுக்குப் பாஸ்போர்ட் போட வந்து அக்காவின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வாய் ஓயாத ஆள். தடுப்புக்கு மேலே தம்பியைப் பார்த்துவிட்டார்.

"நீதானே தம்பி வெளிநாட்டுல மாட்டிகினு வந்தது? பர்மாவுல அடைச்சி வெச்சி திருட்டு வேலை செய்ய வெச்சானுங்களாமே, அதுதானே?"

தம்பி கையிலிருந்த தாள் கீழே விழுந்தது. "இல்லீங்க. நான் தாய்லாந்துல" என்றான்.

"பர்மான்னுதானே சொல்லிகினாங்க? இந்தம்மாவுக்குத் தெரியுமே, எந்த நாடும்மா?" என்று அந்த ஆள் அக்காவின் பக்கம் திரும்பினார்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தாய்லாந்து. பாங்காக். நான்தானே பாஸ்போர்ட் போட்டன்" என்றார் அக்கா, அவருடைய அந்தப் பெரிய குரலில், சந்துவரைக்கும் கேட்கும்படி. "வேலை சரியில்ல, திரும்பி வந்துட்டான்."

அந்த ஆள் ஓஹோ என்று சொல்லிவிட்டு மகனுடைய ஆதார் கார்டை எடுத்து நீட்டினார். தம்பி குனிந்து தாளைப் பொறுக்கினான்.

மகன் எந்த நாட்டுக்குப் போகிறான் என்று அவரிடம் அக்கா கேட்கவில்லை. தலைநகரம் கேட்கவில்லை, கடல் கேட்கவில்லை. பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் என்று விண்ணப்பத்தில் இருப்பதை மட்டும் கேட்டு, பத்து நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டார்.